அக்கா என்ன சொன்னா?

ஜனவரி 12

அன்புள்ள அக்காவுக்கு,

நாங்கள் நால்வரும் சுகம். இனி ஐவர் என்று எழுதிப் பழக வேண்டும். அத்தை எங்களோடு வந்து மூன்று மாதம் ஆகிறது. குளியலறையில் வழுக்கி விழுந்து, இடுப்பெலும்பு முறிந்து, ஆபரேஷன் முடிந்து, இப்போது வாக்கரைப் பிடித்துக்கொண்டு கூடம் வரை நடக்கிறார். உனக்கு முன்பே எழுதியிருக்க வேண்டும். நீ எப்படி எடுத்துக்கொள்வாயோ என்று நாளைக் கடத்திவிட்டேன்.

வயது எழுபத்தாறு. ஆனாலும் பெண்கள் விடுதியில் வார்டனாக இருந்த முப்பது வருடம் அவர் உடம்பை விட்டுப் போகவில்லை. உட்கார்ந்த நாற்காலியிலிருந்தே வீட்டை நடத்துகிறார். வந்த வாரமே, ஃபிரிட்ஜில் வைத்த இனிப்பு எப்படிக் காணாமல் போகிறது என்று கண்டுபிடித்துவிட்டார். திருடன் நான்தான். இவள், அதாவது என் வீட்டுக்காரி, வயிறு வலிக்கச் சிரித்தாள்.

பிள்ளைகள் விஷயத்தில்தான் பெரிய மாற்றம். பெரியவளுக்குப் பன்னிரண்டு, சின்னவனுக்கு எட்டு. இரண்டும் வாயைத் திறந்தால் பொய்யாக வந்துகொண்டிருந்தது. இப்போது அத்தை கேட்ட மாத்திரத்தில் உண்மை வந்துவிடுகிறது. நம்மையும் அப்படித்தானே வளர்த்தார்! பாட்டில் ஃபாக்டரியில் விளக்குப் பலகைக்கு முன்னால் உட்கார்ந்து, கண்ணாடியில் மயிரிழை அளவு கீறல் இருந்தாலும் எடுத்துப் போடுகிறேன் என்றால், அந்தக் கண் அத்தை கொடுத்தது.

என் கல்யாணத்துக்கு வந்து, கை நனைத்த கையோடு ஓடியவள் நீ. பதினான்கு வருடமாகிறது. ஒருமுறை வந்துவிட்டுப் போயேன்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

அன்புடன்,
தம்பி


பிப்ரவரி 20

அன்புள்ள தம்பிக்கு,

நான் நன்றாக இருக்கிறேன். முழங்கால் மட்டும் மாடிப்படியைக் கண்டால் மக்கர் செய்கிறது. உன் கடிதம் வந்து ஒரு மாதத்துக்கு மேலாகிவிட்டது, கோபித்துக்கொள்ளாதே. ஆஸ்பத்திரி சலவைப் பிரிவில் இரண்டு பெரிய மெஷின்கள் படுத்துவிட்டன. ஒரு நாளைக்கு நானூறு விரிப்பு வருகிறது. மேற்பார்வை பார்க்கிறவள் என்று பெயர்தான், நானும் நின்று மடிக்கிறேன்.

அத்தை உன் வீட்டில் இருப்பது நல்லதுதான். அவளுக்கு வேறு யார் இருக்கிறார்கள்? நினைவெல்லாம் தெளிவாக இருக்கிறதா? இந்த வயதில் சிலருக்குப் பழையதும் புதியதும் குழம்பிவிடும். நடக்காததை நடந்ததாகச் சொல்வார்கள். எங்கள் வார்டுகளில் நிறையப் பார்க்கிறேன். நம் சின்ன வயதைப் பற்றி ஏதாவது பேசுகிறாளா? சும்மாதான் கேட்கிறேன்.

பிள்ளைகள் இருவரும் சண்டை போட்டுக்கொள்கிறார்களா? அதையும் எழுது.

லீவு கிடைத்தால் வரப் பார்க்கிறேன். எல்லோரையும் விசாரித்ததாகச் சொல்.

உன் அக்கா


மார்ச் 2

அன்புள்ள அக்காவுக்கு,

சுகம். முழங்காலுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடுக்கிறாயா?

அத்தையின் நினைவைப் பற்றியா கேட்கிறாய்? எந்த வருடம், எந்த அறையில், எந்தக் கட்டிலில் யார் இருந்தார்கள் என்று கேட்டுப் பார். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார். நம் சின்ன வயதைப் பற்றியும் பேசுகிறார். நான் எப்படி மெலிந்து குண்டூசி மாதிரி இருந்தேன், யாரைக் குத்தினேன் என்று பிள்ளைகளுக்கு ஒரே கதை. உன் பேச்சை எடுத்தால் மட்டும், “அவ வரட்டும், பேசிக்கலாம்” என்று நிறுத்திவிடுகிறார்.

சண்டையை நீ கேட்ட பிறகுதான் கவனித்தேன். சண்டையே இல்லை. முன்பெல்லாம் ஒரு பென்சிலுக்கு இரண்டும் கட்டிப் புரளும். இப்போது பெரியவள் தன் பெட்டிக்குப் பூட்டுப் போட்டுச் சாவியைக் கழுத்தில் மாட்டியிருக்கிறாள். சின்னவனிடம் ஒரு வேடிக்கை. எதைக் கேட்டாலும், பதில் சொல்வதற்கு முன்னால் “அக்கா என்ன சொன்னா?” என்று கேட்கிறான். நேற்று “பல் விளக்கினியாடா?” என்றேன். அதற்கும் “அக்கா என்ன சொன்னா?” தான். நான் சிரித்தேன். இவள் சிரிக்கவில்லை.

பதிலைச் சீக்கிரம் போடு.

அன்புடன்,
தம்பி


மார்ச் 8

அன்புள்ள தம்பிக்கு,

நலம். உன் கடிதம் நேற்று வந்தது, இன்றே எழுதுகிறேன். அது சிரிக்கிற விஷயம் இல்லை.

அத்தை பிள்ளைகளைத் தனித்தனியாகக் கூப்பிட்டுக் கதவைச் சாத்துகிறாளா என்று பார். விடுதியில் ஒரு சோப்பு காணாமல் போனால் என்ன நடக்கும் என்று மறந்துவிட்டாயா? ஒவ்வொருத்தியாக ஆபீஸ் அறைக்குள் கூப்பிடுவாள். “அவ எல்லாத்தையும் சொல்லிட்டா. இப்ப நீ உன் வாயால சொல்லு.” யாரும் எதுவும் சொல்லியிருக்க மாட்டார்கள். ஒருத்தி பெயரை வைத்து இன்னொருத்தியிடம் கறப்பதுதான் வித்தை. ஆபீஸுக்குப் பின்னால் நாம் இருந்த இரண்டு அறைகளிலும் அதே சட்டம்தான் நடந்தது. அப்படி வளரும் பிள்ளைகள் பொய் சொல்ல மாட்டார்கள், சரி. கூடப் பிறந்தவரையும் நம்ப மாட்டார்கள்.

என் கடிதங்களை இனி உன் ஃபாக்டரி முகவரிக்கு அனுப்பட்டுமா? விடுதிப் பெண்களுக்கு வந்த கடிதங்களை அவள் கெட்டில் ஆவியில் பிரித்துப் படித்ததை நீ பார்த்ததில்லை. நான் பார்த்திருக்கிறேன்.

பிள்ளைகளைப் பத்திரமாகப் பார்த்துக்கொள்.

உன் அக்கா


மார்ச் 27

அக்காவுக்கு,

சுகம். முதலில், அத்தையை ‘அவள்’ என்று எழுதாதே. நமக்குச் சோறு போட்டவர்.

கதவு விஷயம் நீ சொன்னபடிதான் இருக்கிறது. சனிக்கிழமை ஷிஃப்ட் முடிந்து சீக்கிரம் வந்தேன். அத்தையின் அறைக்குள் சின்னவன். “அக்கா சொல்லிட்டா, இப்ப நீ சொல்லு” என்ற குரல் கேட்டது. தொலைந்தது ஒரு ரப்பர். பெரியவள் வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தாள். கேட்டால், “நான் ஒண்ணுமே சொல்லலைப்பா” என்கிறாள். தப்பு என்று எனக்கும் தெரிகிறது. இவளும் இரண்டு மாதமாக இதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தாளாம், நான்தான் காதில் வாங்கவில்லையாம்.

ஆனால் இதை எனக்கு எடுத்துச் சொல்ல நீ வருவதுதான் இடிக்கிறது.

அம்மா போன பிறகு நம்மை அத்தையிடம் விட்டுவிட்டுக் கப்பல் வேலைக்குப் போனார் அப்பா. ஒரு தடவை அவர் கப்பல் துறைமுகத்தில் மூன்று நாள் நின்றது. வேலை அதிகம், வர முடியாது என்று எழுதியிருந்தார். நாமே போய்ப் பார்த்துவிடலாம் என்றவள் நீ. உடைந்த கட்டில்கள் போட்டிருந்த அறையில் துணிப்பையை ஒளித்தது நீ. எந்த பஸ் என்று விசாரித்தது நீ. எனக்கு ஒன்பது வயது, உனக்குப் பதினொன்று. கிளம்ப வேண்டிய அன்று காலையில் அத்தை அந்தப் பையைக் கையில் வைத்துக்கொண்டு என்னை ஆபீஸுக்குக் கூப்பிட்டார். “உங்க அக்கா சொல்லிட்டா” என்றார். நான் நம்பினேன். அடுத்த மாதம் என்னை ஹாஸ்டல் பள்ளிக்கூடத்தில் தள்ளினார்கள். ஐந்து வருடம். உன்னை வீட்டிலேயே வைத்துக்கொண்டார்கள். அப்பா அதற்குப் பிறகு வரவே இல்லை.

திட்டம் உன்னுடையது, தண்டனை எனக்கு. அது எப்படி என்று இன்றுவரை உன்னிடம் கேட்டதில்லை.

ஃபாக்டரிக்கு எழுத வேண்டாம். நான் எதற்கு ஒளிய வேண்டும்? வீட்டுக்கே எழுது.

தம்பி


ஏப்ரல் 3

அன்புள்ள தம்பிக்கு,

நலம். உன் கடிதத்தை நாலைந்து தடவை படித்தேன்.

அத்தை உன்னிடம் என்ன சொன்னாள்? “உங்க அக்கா சொல்லிட்டா.” என்னிடம் என்ன சொன்னாள் தெரியுமா? “உன் தம்பி சொல்லிட்டான்.” இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார். ரப்பருக்காக அவள் என்ன செய்தாள் என்று கதவுக்கு வெளியே நின்று கேட்டவன் நீ. இதற்கு மேல் நான் என்ன சொல்ல?

ஒன்று சொல்கிறேன். போன வருடம் தலையணை உறைகள் குறைந்தபோது, என் கீழே வேலை செய்யும் இரண்டு பெண்களைத் தனித்தனியாகக் கூப்பிட்டேன். “அவ சொல்லிட்டா” என்றேன். வாயிலிருந்து வந்த பிறகுதான் அது யாருடைய குரல் என்று உறைத்தது. உறைகள் வேறு வார்டில் கிடைத்துவிட்டன. அந்த இரண்டு பேரும் இன்றுவரை ஒரே மேசையில் உட்கார்ந்து சாப்பிடுவதில்லை.

நீ என்னை நம்ப வேண்டாம். நீயே சோதித்துப் பார். எங்கள் விரிப்புகளின் மூலையில் வார்டு அடையாளம் தைக்கிற சிவப்பு நூலில் ஒரு விரல் நீளம் வெட்டி, இந்தக் கடிதத்தின் மடிப்புக்குள் வைத்திருக்கிறேன். நூல் இருந்தால் நான் ஒரு சந்தேகப் பிராணி, மன்னித்துவிடு. இல்லையென்றால் உனக்கு முன்னால் உறையைப் பிரித்தது யார் என்று நீயே முடிவு செய்துகொள்.

பிள்ளைகளுக்கு என் முத்தங்கள்.

உன் அக்கா


ஏப்ரல் 21

என் அன்பான அக்காவுக்கு,

நாங்கள் நால்வரும் சுகம். மறுபடியும் நால்வர்தான்.

நூல் இல்லை. தாளை உதறிப் பார்த்தேன், உறைக்குள் விரலை விட்டுத் துழாவினேன், தரையில் முட்டி போட்டுத் தேடினேன். இல்லவே இல்லை. நேரே அத்தையிடம் போய்க் கேட்டேன். “நான் தொடலைப்பா” என்றார். “நூலே சொல்லிடுச்சு. நீங்க உங்க வாயால சொல்லுங்க” என்றேன். எப்படி அந்த வார்த்தை வந்தது என்று தெரியவில்லை. வாக்கரைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றார். பிறகு, “என்னை எங்கயாவது கொண்டுபோய்ச் சேத்துடு” என்றார். அழவில்லை, சண்டை போடவில்லை. இரண்டு பஸ் நிறுத்தம் தள்ளி ஒரு முதியோர் இல்லம் இருக்கிறது. அங்கே விட்டேன். சின்னவன்தான் வாக்கரைத் தூக்கிக்கொண்டு கூட வந்தான்.

அக்கா, முப்பத்திரண்டு வருடமாக உன்னைத் தப்பாக நினைத்துவிட்டேன். ஹாஸ்டலுக்கு நீ எழுதிய கடிதங்களைப் பிரிக்காமலே தூக்கிப் போட்டுவிட்டேன். கல்யாணத்துக்கு உன்னைக் கூப்பிட்டதுகூட ஊர் வாய்க்குப் பயந்துதான். இதையெல்லாம் எழுத வெட்கமாக இருக்கிறது. மன்னித்துவிடு. கோடை விடுமுறைக்குக் கட்டாயம் வர வேண்டும். இவளும் சொல்லச் சொன்னாள்.

உன் தம்பி


ஏப்ரல் 30

அன்புள்ள தம்பிக்கு,

நலம். உன் கடிதம் கண்டு சந்தோஷம். மன்னிப்பெல்லாம் எதற்கு? போனது போகட்டும், பழையதைக் கிளற வேண்டாம். கோடையில் இங்கே வேலை அதிகம், இந்தத் தடவை முடியாது.

அத்தையை அடிக்கடி போய்ப் பார்க்காதே. அவள் மனம் அங்கே பழகட்டும்.

வெயிலில் பிள்ளைகளை வெளியே விடாதே.

அக்கா


ஜூன் 11

அக்காவுக்கு,

எல்லோரும் சுகம்.

உன் கடைசிக் கடிதம் ஐந்து வரி. நான் மனசைக் கொட்டியதற்கு ஐந்து வரி. அதில் ஒரு வரி, அத்தையைப் பார்க்காதே என்று. எனக்கு அங்கேயே பொறி தட்டியது.

உறையின் ஓரத்தைக் கிழித்துத்தான் நான் கடிதம் எடுப்பேன். ஒட்டிய மடிப்பு அப்படியே இருக்கும். ஏப்ரல் 3 உறையை ஃபாக்டரிக்கு எடுத்துப் போய் விளக்குப் பலகையின் மேல் வைத்துப் பார்த்தேன். பிரித்து மறுபடி ஒட்டினால் பசை இரண்டு கோடாகத் தெரியும். ஒரே கோடுதான் இருந்தது. அந்த உறையை எனக்கு முன்னால் யாரும் பிரிக்கவில்லை. அதற்குள் நூலும் இருந்ததில்லை.

பிறகு உன் நான்கு கடிதங்களையும் வரிசையாக வைத்துப் படித்தேன். அத்தை சொன்னாள், அத்தை செய்தாள் என்று பக்கம் பக்கமாக இருக்கிறது. ‘நான் சொல்லவில்லை’ என்று ஓரிடத்திலும் இல்லை. கீறல் பார்ப்பதுதான் என் வேலை, அக்கா.

நேற்று இல்லத்துக்குப் போனேன். அத்தை எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். இப்போது நீ உன் வாயால் சொல்.

தம்பி


செப்டம்பர் 18

அன்புள்ள தம்பிக்கு,

எல்லோரும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். மூன்று மாதமாகப் பதில் போடாததற்குச் சாக்கு எதுவும் இல்லை.

“எல்லாவற்றையும் சொல்லிவிட்டார்” என்று எழுதியிருக்கிறாய். அந்த வாக்கியம் எனக்குத் தெரியும். அத்தை ஒன்றும் சொல்லியிருக்க மாட்டாள் என்பதும் தெரியும். தெரிந்தேதான் சொல்கிறேன்.

நான்தான் சொன்னேன்.

நான் பஸ் விசாரித்ததைக் காவலாளி அவளிடம் போட்டுக் கொடுத்துவிட்டார். என்னைத்தான் முதலில் கூப்பிட்டாள். “உன் தம்பி சொல்லிட்டான். எல்லாம் உன் வேலைன்னு சொல்றான்” என்றாள். எனக்கு ஆத்திரம் தலைக்கு ஏறியது. “அவன்தான் கூப்பிட்டான், நான் வரமாட்டேன்னு சொன்னேன்” என்றேன். பை இருந்த இடத்தையும் காட்டினேன். நீ ஹாஸ்டலுக்குப் போனது அந்த ஒரு பொய்யால்தான். அவள் சொன்ன பொய்யை நான் நம்பினேன், நான் சொன்ன பொய்யை அவள் நம்பினாள்.

நூலை நான் வைக்கவே இல்லை. “அவ வரட்டும், பேசிக்கலாம்” என்று அவள் சொன்னதாக எழுதியிருந்தாயே, அன்றிலிருந்து எனக்கு நிம்மதி போய்விட்டது. அவள் வாயைத் திறப்பதற்குள் நீ அவளை நம்பாதவனாக ஆகிவிட வேண்டும் என்று செய்தேன். பிள்ளைகளுக்காகப் பயந்தது மட்டும் நிஜம். இடுப்பு ஒடிந்த மனுஷியை வீட்டை விட்டு அனுப்ப வைத்தேன். அவள் கற்றுக்கொடுத்ததை அவள் மேலேயே காட்டிவிட்டேன்.

இன்னும் ஒன்று இருக்கிறது. அதைச் சொல்லத்தான் மூன்று மாதம் ஆனது. உன் நினைவில் ஒரு தப்பு இருக்கிறது. நீ உடனே நம்பவில்லை.

ஆபீஸுக்கும் நம் அறைக்கும் நடுவில் ஒரு பலகைத் தடுப்புதானே. நான் இந்தப் பக்கம் நின்றுகொண்டிருந்தேன். “உங்க அக்கா சொல்லிட்டா” என்றாள். “எங்க அக்கா சொல்லமாட்டா” என்றாய். “அப்ப இந்தப் பை எப்படி என் கைக்கு வந்தது?” என்றாள். “நீங்களே தேடி எடுத்திருப்பீங்க. எங்க அக்கா சொல்லமாட்டா” என்றாய். மூன்றாவது தடவை கேட்டபோது உன் குரல் உடைந்துவிட்டது, ஆனாலும் அதையேதான் சொன்னாய். நடுவில் இருந்த கதவு பூட்டியிருக்கவில்லை. தள்ளிக்கொண்டு வந்து நான்தான் என்று சொல்லியிருக்கலாம். நான் கட்டிலில் போய் உட்கார்ந்துகொண்டேன்.

உன் கல்யாணத்தன்று கூட்டத்தில் என்னைப் பார்த்துவிட்டு, “உக்காருக்கா” என்று நாற்காலி இழுத்துப் போட்டாய். அதற்கு மேல் அங்கே இருக்க என்னால் முடியவில்லை.

பதில் போடாவிட்டாலும் புரிந்துகொள்வேன். பிள்ளைகளை மட்டும் ஒருவரிடமிருந்து ஒருவரைப் பிரிக்க விடாதே.

அக்கா


அக்டோபர் 5

அக்காவுக்கு,

நாங்கள் சுகம். சின்னவனுக்கு ஒரு வாரம் காய்ச்சல், இப்போது தேவலை.

அத்தை எதையும் சொல்லவில்லை என்பதை முதலில் எழுதிவிடுகிறேன். ஜூன் மாதம் நான் போய்க் கேட்டதற்கு, “அது உங்க ரெண்டு பேருக்கும் நடுவுல இருக்கறது. என்னைக் கேக்காத” என்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். நான்தான் உன்னிடம் பொய்யாக எழுதினேன்.

உன் கடிதம் வந்ததும் போய், நூலுக்காக மன்னிப்புக் கேட்டேன். நீ வைக்கவே இல்லை என்று சொன்னதும் சிரித்துவிட்டார். “நல்லா வளத்திருக்கேன்” என்றார். பெருமையா வருத்தமா என்று எனக்குத் தெரியவில்லை. வீட்டுக்கு வாங்க, ஆனால் கதவைச் சாத்தி யாரையும் விசாரிக்கக் கூடாது என்றேன். “அப்ப நான் வரலை” என்கிறார். இல்லத்துக்கு வரும் பேப்பரில் குறுக்கெழுத்தை யாரோ முன்கூட்டியே நிரப்பிவிடுகிறார்களாம். விசாரணை நடக்கிறது, பாதியில் விட்டுவிட்டு வர முடியாதாம்.

உன் மேல் கோபம் இருக்கிறது. இல்லையென்று எழுதினால் பொய். ஹாஸ்டலில் இருந்த ஐந்து வருடத்தை நீ ஒரு கடிதத்தில் திருப்பித் தர முடியாது. நூல் விஷயம் அதைவிட ஆறவில்லை. அப்போது நீ பதினொன்று, இப்போது நாற்பத்து மூன்று.

கடிதத்தைப் பிள்ளைகளுக்குப் படித்துக் காட்டினேன். இவள் வேண்டாம் என்றாள், நான் கேட்கவில்லை. முடித்ததும் பெரியவள், “அத்தைக்கு அப்ப எத்தனை வயசு?” என்றாள். அத்தை என்றது உன்னை. பதினொன்று என்றேன். “என்னைவிடச் சின்னவளா?” என்றாள். பிறகு, “டேய், மேல வா, உன்கிட்ட ஒண்ணு சொல்லணும்” என்று தம்பியைக் கூட்டிக்கொண்டு மாடிக்குப் போனாள். அரை மணி நேரம் கழித்து இருவரும் இறங்கி வந்தார்கள். என்ன பேசினார்கள் என்று நான் கேட்கவில்லை.

தடுப்புக்கு அந்தப் பக்கம் நான் அப்படிச் சொன்னது எனக்கு நினைவில் இல்லை. எவ்வளவு யோசித்தாலும், கேட்டவுடன் நம்பியதாகத்தான் ஞாபகம் வருகிறது. என்னைச் சமாதானப்படுத்த நீ கட்டிய கதையோ என்று இரண்டு நாள் புழுங்கினேன். உன்னைத் தவிர, விசாரித்துத் தெரிந்துகொள்ள உலகத்தில் ஒரே ஒருவர்தான் இருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை அவரைப் பார்க்கப் போனேன். பழம் வாங்கிக் கொடுத்தேன், ஒரு மணி நேரம் பேசிக்கொண்டிருந்தேன், வாக்கரின் ரப்பர் தேய்ந்திருந்தது, மாற்றிக் கொடுத்தேன். அதைக் கேட்காமலே வீட்டுக்கு வந்துவிட்டேன். எங்கள் அக்கா சொன்னால் சரியாகத்தான் இருக்கும்.

கீழ் அறையைக் காலி செய்து வைத்திருக்கிறோம், நீ படி ஏற வேண்டியதில்லை. லீவு எழுதிக் கொடுத்துவிட்டு வா.

உன் தம்பி